கணினி கேள்வி–பதில்: உரைக்கும் மீத்தரவுக்கும் ஒரே கோப்பா?

கேள்வி: ஈமாக்ஸ் உரைத் திருத்தியில் குறிப்பெழுத உதவும் ஆர்க் மோடில் என் ஆய்வுக் குறிப்புகள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தலைப்பின் கீழும் அடையாளக் குறி, மூல நூல் விவரம், நேரப் பதிவு, நிலை மாற்றம் (செய்ய வேண்டியது, முடிந்தது போன்றவை) என்று வரிகள் சேர்ந்துகொண்டே போகின்றன. நான் எழுதிய உரை அவற்றுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. இந்த மீத்தரவு (மெட்டாடேட்டா) முழுவதையும் வேறொரு கோப்புக்கு மாற்றிவிட்டு, மூலக் கோப்பில் தலைப்பும் உரையும் மட்டும் இருக்குமாறு செய்யலாமா? (கல்லூரி ஆசிரியர், மதுரை)

பதில்: செய்யலாம், ஆனால் முழுவதையும் மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் கோப்பில் மீத்தரவு என்று நீங்கள் ஒரே பெயரில் குறிப்பிடுவது உண்மையில் மூன்று வகைப்பட்டது. மூல நூல், பக்க எண், பொருள் வகை போன்றவை நீங்களே சிந்தித்து எழுதியவை. அழிந்தால் எந்த நிரலாலும் அவற்றை மீட்டுத் தர முடியாது. நேரப் பதிவுகளும் நிலை மாற்றங்களும் நீங்கள் வேலை செய்யும்போது நிரல் எழுதி வைத்தவை. மூன்றாவதாக, எந்தக் குறிப்பு எந்தக் கோப்பில் உள்ளது, எது எதனோடு இணைக்கப்பட்டுள்ளது என்பது போன்ற அட்டவணைகள் எப்போது வேண்டுமானாலும் உரையிலிருந்தே மறுபடி உருவாக்கக்கூடியவை. இந்த மூன்றாம் வகையை மட்டுமே தயக்கமின்றி வெளியே வைக்கலாம். ஆர்க் மோடும் அப்படித்தான் செய்கிறது: அடையாளக் குறி தலைப்பின் கீழே உரையோடு இருக்கிறது, அந்தக் குறி எந்தக் கோப்பில் உள்ளது என்ற பட்டியல் மட்டும் தனிக் கோப்பில் இருக்கிறது. பட்டியல் தொலைந்தால் ஒரே கட்டளையில் மீண்டும் தயாரித்துக்கொள்ளலாம். ஆர்க்-ரோம் என்ற நீட்சியும் தன் தேடல் அட்டவணையை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு, மூலத்தை உரைக் கோப்பிலேயே விட்டுவிடுகிறது.

முதல் இரண்டு வகைகளையும் துணைக் கோப்புக்கு மாற்றினால், எந்தக் குறிப்புக்கு எந்த மீத்தரவு என்பதை நிரல் எப்படி அறியும் என்ற கேள்வி உடனே எழும். தலைப்பை வைத்து என்றால், தலைப்பில் ஒரு சொல்லைத் திருத்திய மறுகணமே இணைப்பு அறுந்துவிடும். ‘முன்னுரை’ என்று இரண்டு தலைப்புகள் இருந்தால் குழப்பம் வேறு. தமிழில் எழுதுபவர்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் ககரத்தோடு ஒகரக் குறியைச் சேர்த்தும் அமைக்கலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் அமைக்கலாம். இரண்டும் நிகரானவை என்று யூனிகோடு தரமே சொன்னாலும், எழுத்துகளை ஒரே வடிவுக்கு இயல்பாக்காமல் அப்படியே ஒப்பிடும் நிரலுக்கு அவை வேறு வேறு சொற்கள்தாம். ‘கௌ’ என்பதை எகரக் கொம்பும் ளகரமுமாகத் தட்டச்சு செய்பவர்களும் உண்டு. அதை இயல்பாக்கத்தாலும் சரிசெய்ய முடியாது. வரி எண்ணை வைத்து இணைப்பதோ இதைவிட மோசம். மேலே ஒரு வரியைச் சேர்த்தாலே கீழே உள்ள அனைத்தும் இடம் மாறிவிடும். ஆகவே தலைப்பு மாறினாலும் மாறாத ஓர் அடையாளக் குறி உரைக்குள்ளேயே இருந்தாக வேண்டும். ஆர்க் மோடில் அதை வைக்க, தொடக்க வரியும் முடிவு வரியுமாக மூன்று வரிகள் எப்படியும் தேவைப்படும்; அவ்வளவு தூரம் வந்த பிறகு, மூல நூல் விவரத்தையும் அதே இடத்தில் வைப்பதால் கூடுவது ஓரிரு வரிகளே.

எனவே வெளியேற்றுவதை விட, கோப்புக்குள்ளேயே ஒழுங்குபடுத்துவது நல்லது. உங்கள் உரை மிகவும் கலங்கியிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நிலை மாற்றப் பதிவுகளாகத்தான் இருக்கும். நாம் எதையும் மாற்றாத இயல்பிருப்பு அமைப்பில் ஆர்க் மோட் அவற்றைத் தலைப்பின் கீழே வெறும் பட்டியலாக எழுதுகிறது. உங்கள் உரை எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்கும் தெரிவதில்லை, நிரலுக்கும் தெரிவதில்லை. கோப்பின் தலையில் உள்ள ‘ஸ்டார்ட்அப்’ வரியில் ‘லாக்டிராயர்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால், இனி வரும் பதிவுகள் அனைத்தும் ‘லாக்புக்’ என்ற டிராயருக்குள் (தொடக்க, முடிவு வரிகளுக்கிடையே மடித்து வைக்கக்கூடிய பகுதி) அடங்கும். பழைய பதிவுகளை நீங்களே வெட்டி உள்ளே ஒட்ட வேண்டியிருக்கும். வேலையை முடித்துவிட்ட குறிப்புகளில் அவற்றை அடியோடு நீக்கினாலும் பெரிய இழப்பில்லை; மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு குறிப்பை எத்தனை மணிக்கு முடித்தோம் என்று யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

அடுத்து, எல்லாத் தலைப்புகளிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரே பண்பைக் (மூல நூல் போன்ற பெயரும் மதிப்புமான வரி) கோப்பின் தலையில் ஒரு முறை மட்டும் எழுதுங்கள். குறிச்சொற்கள் மேல் தலைப்பிலிருந்து கீழ்த் தலைப்புகளுக்குத் தாமாகவே இறங்கும். பண்புகள் அப்படி இறங்குவதில்லை, எவை இறங்க வேண்டும் என்பதை அமைப்பில் நீங்கள்தான் குறிப்பிட வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல், ‘மேலே எழுதியும் தேடலில் வரவில்லையே’ என்று கேட்பவர்கள் பலர். பண்பு டிராயரைப் பகுதியின் கடைசிக்குத் தள்ளிவிடலாமே என்ற எண்ணமும் வேண்டாம். தலைப்பு வரிக்கும், கெடு நாள் வரி இருந்தால் அதற்கும், நேர் அடுத்து வந்தால்தான் ஆர்க் மோட் அதைப் பண்பு டிராயராக ஏற்கும்.

கோப்புக்குள் எந்தக் குறியும் வைக்காமல், கட்டமைப்பு முழுவதையும் வெளியே வைக்கும் முயற்சியும் உண்டு. எட்வர்ட் ரீம் உருவாக்கிய லியோ என்ற திருத்தியில் ‘கிளீன்’ வகைக் கோப்புகள் சுத்தமாகவே இருக்கும். தலைப்புகளும் மரக் கட்டமைப்பும் லியோவின் சொந்தக் கோப்பில் இருக்கும். நீங்கள் வேறொரு திருத்தியில் உரையை மாற்றினால், லியோ பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒப்பிட்டு, மாறிய வரிகளை உரிய தலைப்பின் கீழ் சேர்க்கும். மிகக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் இரண்டு பகுதிகளின் எல்லையில் நுழைந்த புதிய வரி எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதை ஒப்பீட்டால் மட்டும் உறுதியாகச் சொல்ல வழியில்லை. நிரல் எழுதுபவர்களுக்கு அது பொருட்டில்லை. ஆய்வுக் குறிப்பில், ஒரு மேற்கோள் அடுத்த நூலின் கீழ் போய் நின்றால் பொருட்டுதான்.

கேள்வி: நான் மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவத்தில் எழுதுகிறேன். கோப்பின் தலையில் மூன்று சிறுகோடுகள் கொண்ட இரு வரிகளுக்கிடையே, பெயரும் மதிப்புமாக எழுதும் யாமல் வடிவத்தில் தேதியும் குறிச்சொல்லும் தருகிறேன். இதையே ஒவ்வொரு துணைத் தலைப்புக்கும் செய்ய வழி உண்டா? (மொழிபெயர்ப்பாளர், சென்னை)

பதில்: நேரடியான வழி இல்லை. 2004-இல் வெளிவந்த மார்க்டவுனில் மீத்தரவுக்கென எந்த இலக்கணமும் இல்லை. நீங்கள் குறிப்பிடும் முகப்புப் பகுதி இணையதளம் உருவாக்கும் ஜெக்கில் போன்ற கருவிகளால் பரவிய வழக்கம்; அது கோப்பு முழுமைக்கும் உரியது. அந்த வழக்கத்தை அறியாத கருவி முதல் மூன்று கோடுகளைக் குறுக்குக் கோடாகவும், இரண்டாவது மூன்று கோடுகளைத் தலைப்பின் அடிக்கோடாகவும் எடுத்துக்கொள்ளும். உங்கள் தேதியும் குறிச்சொல்லும் பெரிய எழுத்தில் தலைப்பாக வந்து நிற்கும். கோப்பு வடிவங்களை மாற்றும் பான்டாக் கருவியில் தலைப்பு வரியின் முடிவில் நெளி அடைப்புக்குள் பண்புகளைத் தரலாம் என்றாலும், நான்கைந்து பண்புகள் சேர்ந்தால் தலைப்பையே படிக்க முடியாது. ஒவ்வொரு துணைத் தலைப்புக்கும் தனித் தேதியும் தனிக் குறிச்சொல்லும் தேவைப்பட்டால், அவற்றைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: என் ஆர்க் கோப்பை உடன் எழுதும் நண்பருக்கு அனுப்பினேன். குப்பை என்று நினைத்து டிராயர்களை எல்லாம் அழித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். இனி என்ன செய்வது? (முனைவர் பட்ட மாணவி, திருச்சி)

பதில்: உங்கள் பழைய படியை அவர் அனுப்பியதோடு ஈமாக்ஸின் ‘ஈடிஃப்’ கருவியில் அருகருகே வைத்து, உரைத் திருத்தங்களை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். குறிப்புகளோடு இணைத்து வைத்த கோப்புகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை அடையாளக் குறியின் பெயரிலான கோப்புறையில் அப்படியே இருக்கும், குறி திரும்பியதும் தொடர்பும் திரும்பும். இனிமேல் மூலத்தை அனுப்பாமல், பிடிஎஃப் போன்ற வடிவுக்கு ஏற்றுமதி செய்த படியை அனுப்புங்கள். இயல்பிருப்பாகவே பண்புகளும் லாக்புக் பதிவுகளும் அதில் சேர்வதில்லை. இருவரும், கோப்பின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியைப் பயன்படுத்துபவர்களானால், டிராயர்களை வடிகட்டிக் காட்டும் சிறு நிரலை ‘டெக்ஸ்ட்கான்வ்’ அமைப்பில் கொடுத்து வையுங்கள். ஒப்பீட்டைப் பார்க்கும்போது உரை மாற்றங்கள் மட்டும் தெரியும். சேமிக்கப்படும் கோப்பு மாறாது.