அமெரிக்க அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கான விதிகளை யார் வகுக்கிறார்கள்? 32% வாக்கு வாங்கியவருக்கே ஒரு மாநிலத்தின் எல்லாப் பிரதிநிதிகளும் கிடைப்பது எப்படி?

கட்சிகள்தான் வகுக்கின்றன. பிரதிநிதிகள் என்பவர்கள் கட்சியின் தேசிய மாநாட்டில் வாக்களித்து வேட்பாளரை முடிவு செய்பவர்கள். அமெரிக்க அரசியலமைப்பில் அரசியல் கட்சிகளைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. கட்சியின் வேட்பாளர் யார் என மக்கள் வாக்களிக்கும் பிரைமரி தேர்தலை மாநில அரசு நடத்தித் தரலாம். அதில் விழும் வாக்கைப் பிரதிநிதிகளாக மாற்றும் கணக்கு கட்சியின் கையில். மாநிலச் சட்டமும் கட்சி விதியும் மோதியபோது, தன் மாநாட்டில் யாரைப் பிரதிநிதியாக ஏற்பது என்பது கட்சியின் உரிமை என 1981-இல் விஸ்கான்சின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024-இல் நெவாடா அரசு பிப்ரவரி 6-இல் பிரைமரி நடத்தியது. குடியரசுக் கட்சியோ அதைக் கணக்கிலேயே எடுக்காமல், 8-ஆம் தேதி தானே நடத்திய காக்கஸ் (கட்சிக்காரர்கள் நேரில் கூடித் தேர்வு செய்யும்) கூட்டங்களின் முடிவுப்படி 26 பிரதிநிதிகளையும் டிரம்ப்புக்குக் கொடுத்தது. பிரைமரியில் நின்ற நிக்கி ஹேலி அதில் வென்றிருந்தாலும் ஒரு பிரதிநிதிகூடக் கிடைத்திருக்க மாட்டார்.

நீங்கள் கேட்கும் 32% கணக்கு 2016 தென் கரோலினாவுடையது. அங்கே குடியரசுக் கட்சிக்கு 50 பிரதிநிதிகள். மாநில அளவில் முதலிடம் பெறுபவருக்கு 29 பேர். ஏழு காங்கிரஸ் தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் முந்துபவருக்கு மும்மூன்று பேர். டிரம்ப் வாங்கியது 32.5% தான். ஆனால் ஏழு தொகுதியிலும் அவரே முன்னிலை, எனவே ஐம்பதும் அவருக்கு. தலா 22% வாங்கிய போட்டியாளர்கள் ரூபியோவுக்கும் குரூஸுக்கும் பூஜ்யம். எதிர்ப்பு வாக்கு பிரியப் பிரிய இந்த விதி முதலிடத்துக்காரருக்கே கைகொடுக்கும்.

மார்ச் 15-க்கு முன் வாக்கெடுப்பு நடத்தும் மாநிலங்கள் விகிதப்படி பிரிக்க வேண்டும் என்று குடியரசுக் கட்சியில் தேசிய விதி உண்டு. முதலில் வாக்கெடுப்பு நடத்தும் தென் கரோலினா போன்ற தொடக்க மாநிலங்களுக்கு மட்டும் விலக்கு. ஆனால் அந்த ‘விகிதம்’ மிகத் தளர்வானது. பிரதிநிதி பெறத் தேவையான குறைந்தபட்ச வாக்கை 20% வரை உயர்த்தலாம். 50% தாண்டியவருக்கு மொத்தத்தையும் கொடுக்கலாம். 2024-க்காகக் கலிஃபோர்னியா கட்சி அப்படித்தான் மாற்றிக்கொண்டது: பாதியைத் தாண்டினால் 169 பேரும் ஒருவருக்கே.

ஜனநாயகக் கட்சியில் எல்லா மாநிலத்துக்கும் ஒரே அளவுகோல்: 15%. அதற்குக் கீழே போனவர்களின் வாக்கை நீக்கிவிட்டு, மிச்சத்தை நூறாக வைத்துப் பங்கிடுவார்கள். மாநில அளவில் ஒரு கணக்கு, தொகுதிவாரியாக இன்னொரு கணக்கு. மாநில அளவில் 14% வாங்கியவர்கூட, ஏதாவது ஒரு தொகுதியில் 15% தொட்டால் அங்கே ஆள் எடுப்பார்.

பலரும் கவனிக்காத இடம் தொகுதியின் பிரதிநிதி எண்ணிக்கை. இருவர் மட்டும் மோதும்போது, மூன்று பேர் உள்ள தொகுதியில் 51% வாங்கினாலே 2-1. நான்கு பேர் உள்ள தொகுதியில் 60% வாங்கினாலும் 2-2 தான், 62.5% தாண்டினால்தான் 3-1. அதனால் விவரமறிந்த பிரசாரக் குழு ஒற்றைப்படைத் தொகுதிகளில்தான் பணத்தைக் கொட்டும். 2008-இல் டெக்சாஸ் பிரைமரியில் ஹிலாரி அதிக வாக்கு வாங்கினார். ஒபாமாவுக்கோ 99 பிரதிநிதிகள், ஹிலாரிக்கு 94. ஜனநாயகக் கட்சி வாக்கு முன்பு அதிகம் பதிவான வட்டாரங்களுக்குக் கூடுதல் பிரதிநிதிகள் இருந்ததும், அதே இரவு தொடங்கிய காக்கஸுக்குத் தனிப் பங்கு இருந்ததும் அதற்குக் காரணம்.

கட்சி அனுமதித்த தேதிக்கு முன்பே வாக்கெடுப்பு நடத்தினால் தண்டனை உண்டு. 2008-இல் முந்திக்கொண்ட புளோரிடா, மிச்சிகன் மாநிலங்களின் பிரதிநிதிகள் அனைவரையும் ஜனநாயகக் கட்சி முதலில் நீக்கியது. மே மாத இறுதியில் தலைக்கு அரை வாக்கு என்று திருப்பிக் கொடுத்தது, மாநாட்டில் முழு வாக்கு. நடுவில் விதியைத் தளர்த்துவது மோசமான வழக்கம் என்பேன். மிச்சிகனில் ஒபாமாவின் பெயரே வாக்குச்சீட்டில் இல்லை. அந்த முடிவை எப்படிப் பங்கிட்டாலும் யாருக்காவது அநியாயம்தான்.

கட்சித் தலைவர்களும் பதவியில் இருப்பவர்களும் தானாகவே பெறும் ‘சூப்பர் டெலிகேட்’ இடங்கள் 1984 மாநாட்டிலிருந்து ஜனநாயகக் கட்சியில் உண்டு. போட்டி முடிவாகாத மாநாட்டில் முதல் சுற்றில் அவர்கள் வாக்களிக்க முடியாது என 2018-இல் மாற்றினார்கள். வாக்கெடுப்பில் தேர்வான பிரதிநிதிகளையும் அந்தக் கட்சியின் விதி இறுகக் கட்டிவைப்பதில்லை. தங்களைத் தேர்ந்தெடுத்தவர்களின் எண்ணத்தை மனசாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்றே கேட்கிறது. 2024 ஜூலையில் பைடன் விலகியதும் அவருடைய பிரதிநிதிகள் மறு பிரைமரி எதுவும் இல்லாமல் கமலா ஹாரிஸை வேட்பாளராக்க முடிந்தது இதனால்தான்.