கனமான நாவலைப் பிரித்துப் படியுங்கள்

கேள்வி: டிக்கன்ஸின் 'ப்ளீக் ஹவுஸ்' நூறு பக்கத்துக்குள் மலைப்பாகிவிடுகிறது. ஏன் இவ்வளவு நீளம்?
- வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: ஒரே மூச்சில் படிப்பதால்தான் மலைப்பு. 1852 மார்ச் முதல் 1853 செப்டம்பர் வரை மாதாமாதம் வந்த தொடர்கதை அது. ஒரு பகுதிக்கு 32 பக்கம், விலை ஒரு ஷில்லிங். கடைசி இதழ் மட்டும் இரட்டைப் பகுதி. அதே அளவில் படியுங்கள்: முதலில் நான்காம் அத்தியாயம்வரை, அடுத்து ஏழாவதுவரை, பிறகு பத்தாவதுவரை.

தொடக்கத்து மூடுபனியை மட்டும் தயவுசெய்து தாண்டாதீர்கள். ஆற்றில் கிளம்பி, சொத்து வழக்குகளை விசாரித்த லண்டன் சான்சரி நீதிமன்றத்துக்குள்ளேயே வந்து உட்காரும். நாவல் முழுக்க இழுபடும் சொத்து வழக்கின் முகமே அதுதான். பின்னால், தெரு பெருக்கும் சிறுவன் ஜோவின் காய்ச்சல் பணிப்பெண் சார்லிக்கும், அவளிடமிருந்து கதாநாயகி எஸ்தருக்கும் தொற்றும். ஏழையின் நோய் அடுத்த வீட்டு வாசலில் நின்றுவிடாது என்ற அந்தக் காலத்துப் பெரும் கவலையை இதைவிட அழுத்தமாக எப்படிச் சொல்வது!