50 சதவீதத்தை 80 ஆக்கினால் அரசு வேலை கிடைக்குமா?

கேள்வி: என் மகன் பி.காம். முடித்தவன். விபத்தில் இடது கால் பாதிக்கப்பட்டு, 50 சதவீத ஊனம் எனச் சான்று பெற்றிருக்கிறான். அதை 80 சதவீதமாக மாற்றி, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை எடுத்துத் தந்தால் அரசு வேலை உறுதி என்று ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு தந்தை, வியாசர்பாடி

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அரசுப் பணிகளில் குறைந்தது 4 சதவீத இடஒதுக்கீடு அளிக்கிறது. அதில் கை, கால் இயக்கக் குறைபாடு உள்ள பிரிவினருக்கு 1 சதவீதம். 40 சதவீத ஊனம் இருந்தாலே இதற்குத் தகுதி உண்டு என்பதால், உங்கள் மகன் ஏற்கெனவே தகுதி பெற்றவர். சதவீதம் கூடினால் முன்னுரிமையும் கூடும் என்பது தரகர்கள் கட்டிவிட்ட கதை. தேர்வாணையத் தேர்வில் அவர் எடுக்கும் மதிப்பெண்தான் வேலையைத் தீர்மானிக்கும். அத்தேர்வுக்கு அவர் கட்டணம் செலுத்தவும் தேவையில்லை.

சதவீதம் உண்மையிலேயே கணக்கில் வரும் இடம் ஒன்று உண்டு. அதைக் காட்டித்தான் பலரை ஏமாற்றுகிறார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. அதற்கு 75 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருக்க வேண்டும். ஆனால் அது அன்றாட வாழ்க்கைக்கே பிறர் துணை தேவைப்படுவோரை மனத்தில் வைத்துத் தரப்படும் தொகை. வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இல்லாத பாதிப்பை இருப்பதாகக் காட்டி மாற்றுத்திறனாளிகளுக்கான பயனைப் பெற முயன்றால், அதே சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அப்போது மாட்டிக்கொள்வது உங்கள் மகன். தரகரின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. மருத்துவக் குழு உண்மையில் குறைத்து மதிப்பிட்டிருப்பதாக நீங்கள் கருதினால், மேல்முறையீடு செய்யச் சட்டமே வழி வைத்திருக்கிறது.

அடையாள அட்டைக்குக் கட்டணம் இல்லை. இணையத்தில் விண்ணப்பிக்கும்போது உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணையே கொடுங்கள். தரகர்கள் தங்கள் எண்ணைப் பதிந்துகொண்டு, ஓடிபி வரும் ஒவ்வொரு முறையும் உங்களைத் தம்மிடம் வர வைப்பார்கள். ஆதாரோடு இணைந்த அட்டையை வழங்கிவிட்டு, அதே சான்றின் நகலை அலுவலகத்துக்கு அலுவலகம் மறுபடி மறுபடி கேட்கும் நடைமுறைதான் இந்த ஆட்களை வளர்க்கிறது. நடக்கவே சிரமப்படும் ஒருவரை இப்படி அலைக்கழிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது, மகனின் பட்டத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பிப்பது. பதிந்து ஓராண்டு முடிந்தும் வேலை கிடைக்கவில்லையெனில், பட்டதாரி மாற்றுத்திறனாளிக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. மற்றவர்கள் இதற்கு 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்த விண்ணப்பப் படிவமும் இலவசம்தான். அதை விற்பவர் எவராயினும், அலுவலக வாசலிலேயே நின்றாலும், அவரிடம் வாங்காதீர்கள். உள்ளே சென்று கேட்டு வாங்குங்கள்.