பெரிய டீமை சின்ன டீம் ஜெயிக்கறது எப்படி? தோத்த பக்கம் உக்காந்து பாத்ததை வச்சு சொல்றேன்

கேள்வி இதுதான்: "அமெரிக்கால காலேஜ் ஃபுட்பால்ல எங்க யுனிவர்சிட்டி டீம் வருஷா வருஷம் பக்கத்து ஸ்டேட் பெரிய டீம்கிட்ட அடி வாங்குது. ஜெயிக்க நிஜமாவே வழி இருக்கா, இல்ல எல்லாம் அதிர்ஷ்டம்தானா?"

வழி இருக்குங்க. நான் இத ஜெயிச்ச பக்கத்துல இருந்து கத்துக்கல. ஒஹையோ மாநிலத்துல இருக்கற கொலம்பஸுக்கு எம்.எஸ் படிக்க வந்தேன், அப்படியே வேலை கிடைச்சு இங்கயே இருக்கேன், ஒஹையோ ஸ்டேட் டீம்னா எனக்கு உசுரு. அதனால 2024 நவம்பர் 30ஆம் தேதி மத்தியானம் நடந்ததை இன்னும் ஒவ்வொரு நிமிஷமா சொல்ல முடியும்.

அந்த வருஷம் எங்க டீம் நாட்டுல ரெண்டாவது இடத்துல இருந்துச்சு, 11 மேட்ச்ல 10 ஜெயிச்சாச்சு, ஆளுங்களுக்கு மட்டும் 20 மில்லியன் டாலர் அளவுக்கு பணம் செலவாகுதுன்னு எல்லாரும் பேசிட்டு இருந்தாங்க. மிச்சிகன் 6 ஜெயிச்சு 5 தோத்து வந்துருக்கு, ரேங்க்லயே இல்ல, கோல்ஸ்டன் லவ்லேண்ட், வில் ஜான்சன்னு அவங்க பெரிய ஆளுங்க ரெண்டு பேருமே காயத்துல வெளிய. மேட்ச் எங்க ஊர்ல, எங்க ஸ்டேடியத்துல. எங்க டீம் 20 பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிக்கும்னுதான் பெட்டிங் கணக்கே இருந்துச்சு. என்கூட சோபால உக்காந்து பாத்துட்டு இருந்தது என் மச்சினன், அவன் ஆன் ஆர்பர்ல மிச்சிகன்ல படிச்சவன், "மாமா, 30 பாயிண்ட்ல தோக்காம இருந்தா போதும்"னுதான் அவனே சொல்லிட்டு உக்காந்தான். முடிவுல மிச்சிகன் 13, ஒஹையோ ஸ்டேட் 10.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இது நம்ம ஊர் கால்பந்து இல்ல, கையில பந்தை வச்சு ஓடறது, எறியறது (அதுதான் பாஸ்). நாலு முயற்சியில 10 யார்டு முன்னேறினா திரும்ப நாலு முயற்சி கிடைக்கும், இல்லன்னா பந்து எதிராளிக்கு போயிடும். எல்லையை தாண்டினா டச்டவுன், 6 பாயிண்ட். முடியலன்னா கம்பத்துக்கு நடுவுல உதைச்சு 3 பாயிண்ட் எடுக்கலாம், அது ஃபீல்ட் கோல். இந்த 3 பாயிண்ட்தான் நான் சொல்ல வர்ற விஷயமே.

சின்ன டீம் முதல்ல செய்ய வேண்டியது, ஆட்டத்தையே சின்னதாக்கணும். நம்ம ஆளுங்களுக்கு கிரிக்கெட் வச்சு சொன்னா சட்டுனு புரியும். ஆஸ்திரேலியாவை ஜிம்பாப்வே அஞ்சு நாள் டெஸ்ட்ல ஜெயிக்கணும்னா கஷ்டத்துலயும் கஷ்டம், ஆனா 2007 டி20 உலகக் கோப்பையில கேப் டவுன்ல 5 விக்கெட்ல ஜெயிச்சாங்க, ஏன்னா ஆட்டம் குறைய குறைய நல்ல டீமோட தரம் வெளிய வர நேரம் கிடைக்காது. ஃபுட்பால்லயும் அதேதான். ஓடிட்டே இருந்தா கடிகாரம் ஓடிட்டே இருக்கும், பாஸ் போட்டு கீழ விழுந்தா கடிகாரம் நின்னுடும், அதனால சின்ன டீம் ஓடணும், அடுத்த முயற்சியை ஆரம்பிக்க குடுக்கற 40 செகண்டையும் கடைசி வரை இழுக்கணும், எதிராளி கைக்கு பந்து 12 தடவை போறதை 9 தடவை ஆக்கணும். 2023ல இருந்து ரூலும் இதுக்கு உதவியா மாறிடுச்சு, ஒவ்வொரு பாதியோட கடைசி ரெண்டு நிமிஷம் தவிர, 10 யார்டு முன்னேறி ஃபர்ஸ்ட் டவுன் எடுத்தா கடிகாரம் நிக்கறதில்ல.

மிச்சிகன் அன்னிக்கு பாஸ் போட்டு எடுத்தது வெறும் 62 யார்டு. நம்புவீங்களா, 62! ரெண்டு பாஸை எங்க ஆளுங்க பிடுங்கவும் செஞ்சாங்க. ஆனா ஓடி 172 யார்டு, அதுல பந்தோட ஓடற அவங்க ஆள் கேலல் மல்லிங்ஸ் மட்டும் 116.

ரெண்டாவது, எல்லா இடத்துலயும் நீங்க சமமா இருக்க வேண்டாம், ஒரு இடத்துல எதிராளியை விட பலமா இருந்தா போதும், ஆனா சண்டை அந்த இடத்துலதான் நடக்கணும். மிச்சிகனுக்கு அந்த ஒரு இடம் டிஃபென்ஸ் லைனோட, அதாவது எதிராளியை மறிக்கற முன்வரிசையோட நடுப்பகுதி. மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட், ரெண்டு மலை. அடுத்த ஏப்ரல்ல, புரொஃபஷனல் லீக்கான என்எஃப்எல் காலேஜ்ல இருந்து ஆள் எடுக்கற டிராஃப்ட்ல ரெண்டு பேரும் முதல் ரவுண்டுலயே போனாங்க. எங்க பக்கம் பாத்தா அஃபென்ஸ் லைன்தான், அதாவது பந்து வச்சிருக்கறவனுக்கு வழி பண்ணி குடுக்கற முன்வரிசைதான் அடி வாங்கியிருந்த இடம், லெஃப்ட் டேக்கிள் ஜாஷ் சிமன்ஸும் சென்டர் செத் மெக்லாக்லினும் அந்த சீசனுக்கே வெளிய. வெளிப்பக்கம் ஜெரமையா ஸ்மித், எமேகா எக்புக்கான்னு நாட்டுலயே சிறந்த, பாஸ் பிடிக்கற ரிசீவர்களை வச்சுகிட்டு, நாங்க திரும்ப திரும்ப அந்த ரெண்டு மலை மேலயே போயி முட்டினோம். மொத்தமே 77 யார்டுதான் ஓட முடிஞ்சுது. நான் டிவியைப் பாத்து வெளிய எறிங்கடா வெளிய எறிங்கடான்னு தொண்டை கிழிய கத்தினேன்.

ஏன் அப்படி ஆடினோம்? என் கருத்து, மானப் பிரச்சினை. அதுக்கு முன்னாடி மூணு வருஷம், 2021, 2022, 2023, மிச்சிகன்கிட்ட தோத்துருந்தோம், அதுல முதல் ரெண்டு வருஷம் எங்களை ஓடியே நசுக்கினாங்க. அதனால உடம்பு பலத்துலயே உங்களை ஜெயிச்சு காட்டறோம்னு ஒரு வெறி. பெரிய டீமுக்கு ராத்திரி தூக்கம் வராம பண்ற விஷயம் ஏதோ ஒன்னு எப்பவும் இருக்கும்ங்க, அது என்னன்னு கண்டுபிடிச்சு அங்கயே நில்லுங்க, அவங்களா வந்து முட்டுவாங்க.

முட்டறதுக்கே ஆள் பலம் இல்லன்னா? அதுக்கு நேவியைப் பாக்கணும். அன்னபோலிஸ்ல இருக்கற கடற்படை அகாடமி டீம், படிச்சு முடிச்சதும் சர்வீஸுக்கு போகணும், அதனால பெரிய டீம்ல இருக்கற மாதிரி 140 கிலோ ஆளுங்களை வரிசையா நிறுத்த முடியாது. நோட்ரடேம்ங்கற பெரிய யுனிவர்சிட்டி டீம்கிட்ட 1964ல இருந்து 2006 வரை தொடர்ந்து 43 மேட்ச் தோத்தாங்க. அப்ப அவங்க ஆடினது டிரிபிள் ஆப்ஷன். இதுல இருக்கற அழகு என்னன்னா, எதிராளியோட பலமான ஆள் ஒருத்தனை தடுக்கவே மாட்டாங்க, வேணும்னே விட்டுடுவாங்க. பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தற குவார்ட்டர்பேக் அவனைப் பாத்துட்டே இருப்பான். அவன் நடுவுல ஓடறவனை பிடிக்கப் போனா குவார்ட்டர்பேக் பந்தை தானே வச்சுகிட்டு வெளிய ஓடுவான், வெளியவும் ஒருத்தன் வந்து மறிச்சா பக்கத்துல ஓடி வர்றவனுக்கு தூக்கி போட்டுடுவான். எவ்ளோ பெரிய பலசாலியா இருந்தாலும் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்க முடியாது இல்லையா. வருஷம் பூரா வேற மாதிரி ஆட்டத்தை பாத்த டீமுக்கு இதுக்கு தயாராக ஒரு வாரம்தான் கிடைக்கும். 2007 நவம்பர் 3ஆம் தேதி மூணு ஓவர்டைம் போயி 46-44ன்னு நேவி ஜெயிச்சாங்க. அந்த வருஷம் நோட்ரடேம் 9 மேட்ச் தோத்த சுமாரான டீம், அதையும் சொல்லிடணும். ஆனா 43 வருஷத்துல அவங்க சுமாரா இருந்தது அது ஒன்னும் முதல் தடவை இல்லையே, அந்த நாள் வர்றப்போ நேவி தயாரா இருந்துச்சு.

அந்த மேட்ச்ல ஒரு இடம் எனக்கு ரொம்ப முக்கியம். 28-28, 45 செகண்ட் பாக்கி, நோட்ரடேமுக்கு நாலாவது முயற்சி, 8 யார்டு வேணும். உதைச்சா 41 யார்டு தூரம். கோச் உதைக்க விடல, பாஸுக்குப் போனாரு, நேவி ஆள் ஒருத்தன் தடுக்க குனிஞ்சவன் மேல ஏறி தாவி குவார்ட்டர்பேக்கை சாச்சுட்டான்.

இப்ப இந்த மாதிரி உதையில திரும்பின மேட்சை வரிசையா பாருங்க. 2007 செப்டம்பர் 1, அப்பலாச்சியன் ஸ்டேட், கீழ் டிவிஷன் டீம், ஆன் ஆர்பர்ல போயி ரேங்க்ல அஞ்சாவதா இருந்த மிச்சிகனை 34-32ன்னு அடிச்சாங்க, மிச்சிகன் கடைசி செகண்ட்ல உதைச்ச 37 யார்டு பந்தை கோரி லிஞ்ச் தடுத்தாரு. அதே வருஷம் டிசம்பர் 1, 4 ஜெயிச்சு 7 தோத்த பிட்ஸ்பர்க், வெஸ்ட் வர்ஜீனியாவை அவங்க ஊர்லயே 13-9ன்னு ஜெயிச்சாங்க. வெஸ்ட் வர்ஜீனியா அன்னிக்கு ஜெயிச்சிருந்தா தேசிய ஃபைனல், ஆனா குவார்ட்டர்பேக் பேட் ஒயிட்டுக்கு கட்டை விரல்ல அடி, பிட்ஸ்பர்க்கோட லஷான் மெக்காய் 148 யார்டு ஓடித் தள்ளிட்டாரு, அதோட வெஸ்ட் வர்ஜீனியா ரொம்ப பக்கத்துல இருந்து உதைச்ச ரெண்டு ஃபீல்ட் கோல் வெளிய போச்சு. எங்க கதைக்கு வந்தா, 2024ல எங்க கிக்கரும் ரெண்டு தவற விட்டாரு, 38 யார்டு ஒன்னு, 34 யார்டு ஒன்னு. மிச்சிகன் கிக்கர் டொமினிக் ஸ்வாடா 54 யார்டுல இருந்து போட்டாரு. அந்தாளு அந்த வருஷம்தான் ஆர்கன்சா ஸ்டேட்ல இருந்து மாறி வந்தவரு. யார் கண்ணுக்கும் படாத ஒரு டிரான்ஸ்ஃபர், அதுதான் மேட்ச்.

அதனாலதான் சொல்றேன், சின்ன டீமோட திட்டம் மொத்தமும் ஒரே இடத்துக்கு போகணும்: நாலாவது குவார்ட்டர்ல, அதாவது ஆட்டத்தோட கடைசி கால் பங்குல, ஒரு உதையில முடிவாகற மாதிரி மேட்சை கொண்டு வந்து நிறுத்தறது. அதுக்குத்தான் கடிகாரம், அதுக்குத்தான் லைன், அதுக்குத்தான் ஓட்டம். அந்த நிலைக்கு வந்துட்டா 20 மில்லியன் டாலர் டீமும் நீங்களும் ஒன்னுதான்.

எதிராளியை ஏமாத்தற ட்ரிக் ப்ளே பத்தி நிறைய பேர் எழுதுவாங்க, போய்சி ஸ்டேட் ஓக்லஹோமாவை 43-42ன்னு ஜெயிச்சதை உதாரணம் காட்டுவாங்க. அற்புதமான மேட்ச்தான், ஆனா அன்னிக்கு அவங்க கடைசி வரைக்கும் மேட்ச்ல இருந்ததாலதான் அந்த ட்ரிக்குக்கே வேலை வந்துச்சு. முதல் பாதியிலயே ட்ரிக் போட்டு ஜெயிக்கப் பாக்கற டீம் மேல எனக்கு நம்பிக்கை இல்ல.

எங்க மேட்சோட கடைசிக்கு வர்றேன். 10-10, அஞ்சு நிமிஷம் சொச்சம் இருக்கு, மிச்சிகன்கிட்ட பந்து. மூணாவது முயற்சி, 6 யார்டு வேணும். அங்க தடுத்துருந்தா பந்து எங்களுக்கு. மல்லிங்ஸ் நடுவுல நுழைஞ்சான், வழி அடைஞ்சு கிடக்கு, அப்படியே வெளிப்பக்கம் திரும்பி 27 யார்டு ஓடிட்டான். என் மச்சினன் கத்தக்கூட இல்ல, கையை தலையில வச்சுகிட்டு உக்காந்துருந்தான். அப்புறம் பொறுமையா ஓடி ஓடி கடிகாரத்தை தின்னுட்டு, 45 செகண்ட் பாக்கி இருக்கறப்போ ஸ்வாடா 21 யார்டுல இருந்து உதைச்சு முடிச்சாரு. அதே எங்க டீம் ஜனவரி 20ஆம் தேதி நோட்ரடேமை 34-23ன்னு ஜெயிச்சு தேசிய சாம்பியன் ஆனாங்க. நாட்டுலயே சிறந்த டீம்தான், சந்தேகமே இல்ல, ஆனா அந்த சனிக்கிழமை அது உதவல.

உங்க டீமுக்கு வருவோம். இந்த சீசன்ல உங்க டிஃபென்ஸ் லைன்ல நல்ல ஆள் ரெண்டு பேர் இருக்காங்களான்னு பாருங்க, எதிராளியோட அஃபென்ஸ் லைன்ல யாருக்கு காயம்னு பாருங்க. அதுக்கும் முன்னாடி, உங்க கிக்கர் 40 யார்டுல இருந்து இந்த வருஷம் எத்தனை போட்டிருக்காரு, அவங்க கிக்கர் எத்தனை விட்டிருக்காருன்னு எடுத்து பாருங்க. பாத்துட்டு கீழ எழுதுங்க, உக்காந்து பேசுவோம்.