‘அப்பா கெட்டவரா?’ லிஃப்டில் விழுந்த ஒரு சொல்லும் அதற்கான பதிலும்

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம். மகனுக்கு 6 வயது, பாலர்பள்ளியில் படிக்கிறான். போன வாரம் லிஃப்டில் ஒரு சீனப் பாட்டி, சேட்டை செய்த தன் பேரனிடம் என் கணவரைக் காட்டி, “நாட்டி, திஸ் அங்கிள் கேட்ச் யூ” என்றார். சிரித்துச் சமாளித்துவிட்டோம். இரவில் மகன், “அப்பா கெட்டவரா?” என்று கேட்டான். பள்ளியிலும் ஒரு பையன், “உன் கை அழுக்கு, கழுவிட்டு வா” என்கிறானாம். ஆசிரியரிடம் சொன்னால், “சின்னப் பிள்ளைகள்தானே” என்கிறார். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

பதில்: இல்லை. இந்தியரைக் காட்டிப் பிள்ளையைப் பயமுறுத்துவது சிங்கப்பூரில் இரண்டு மூன்று தலைமுறையாக இருந்துவரும் பழக்கம். சொல்பவருக்கு அதில் பகை இருக்க வேண்டுமென்பதில்லை. தன் பாட்டி சொன்னதைத் தானும் சொல்கிறார். ஆனால் உங்கள் மகன் காதில் விழுந்தது அவருடைய நோக்கமல்ல, அந்த வாக்கியம்தான். அமெரிக்க மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் 1970இல் இத்தகைய சிறு குத்தல்களுக்கு ‘மைக்ரோஅக்ரெஷன்’ என்று தனிப்பெயர் வைத்ததும், ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரிந்தாலும் சேரச் சேரக் காயமாகும் என்பதால்தான்.

முதலில் தரம் பிரித்துப் பாருங்கள். “ஏன் உன் கை கறுப்பா இருக்கு?” என்று ஒரு குழந்தை கேட்டால் அது வெறும் கேள்வி, பதில் சொன்னால் போதும். “கழுவிட்டு வா” என்பது கேள்வியல்ல, நிறத்தை அழுக்கோடு சேர்த்துப் பார்ப்பது. அதைத் திருத்த வேண்டும். “உன் கையைப் பிடிக்க மாட்டேன்” என்றால் அது ஒதுக்கல். அங்கே ஆசிரியர் தலையிட்டே ஆக வேண்டும். மூன்றுக்கும் ஒரே மாதிரி கொதித்தால், கேள்வி கேட்ட குழந்தை மிரளும், ஒதுக்குகிற குழந்தை தப்பிவிடும்.

லிஃப்டில் உங்களுக்குக் கிடைப்பது 10 விநாடி. அதற்குள் பாட்டியை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். உங்கள் பேச்சைக் கேட்க வேண்டியவன் உங்கள் மகன். குரலை உயர்த்தாமல், சிரிக்காமல், ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம்: “ஆன்ட்டி, இவர் யாரையும் பிடிக்க மாட்டார்.” ஆங்கிலம் எட்டாவிட்டால் மாண்டரினில், “தா பு ஹுவெய் ஜ்வா நீ” (அவர் உன்னைப் பிடிக்க மாட்டார்) என்று அந்தப் பேரனிடமே சொல்லலாம். இதைக் கணவர் சொல்வதானால் ‘தா’வுக்குப் பதில் ‘வோ’ (நான்). சிரித்து மழுப்பினால், பாட்டி சொன்னதை நீங்களும் ஒப்புக்கொண்டதாகவே பிள்ளை எடுத்துக்கொள்வான். கத்தினாலோ, அவனுக்கு நினைவிருப்பது அம்மா கத்தியது மட்டும்தான்.

அந்த நேரம் தவறியது பரவாயில்லை. இன்றிரவே சொல்லுங்கள்: “அன்னைக்கு லிஃப்ட்ல அம்மா ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருக்கணும். பாட்டி சொன்னது தப்பு. அப்பா யாரையும் பிடிக்க மாட்டார்.” “சீனர்களே இப்படித்தான்” என்று மட்டும் சேர்க்காதீர்கள், நாளை அவன் பக்கத்தில் உட்காரப்போவது ஒரு சீனப் பையன்தான்.

கைக்கு வருவோம். 6 வயதுக்கு இவ்வளவு அறிவியல் போதும்: தோலில் மெலனின் என்று ஒரு சாயம் இருக்கிறது. அதை உண்டாக்கும் உயிரணுக்கள் எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். அவை செய்யும் சாயத்தின் அளவும் வகையும்தான் வேறு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது அது. சோப்பு போட்டால் போகாது. பிறகு ஒரு வாக்கியத்தைப் பழக்குங்கள், அவன் விளையாடும் மொழியிலேயே: “இட்ஸ் நாட் டர்ட்டி. இட்ஸ் மை ஸ்கின்.” தமிழில் மட்டும் கற்றுக்கொண்டால் பள்ளியில் வாய் வராது. நீங்கள் அந்தப் பையனாக நடியுங்கள், அவன் பதில் சொல்லட்டும். மூன்று நான்கு இரவு, இரண்டு நிமிடம் போதும். “நீயும் அவன் கண்ணைக் கிண்டல் பண்ணு” என்பது பதிலல்ல, அதே நோய்.

ஆசிரியரிடம் வெறும் வருத்தத்தோடு போகாதீர்கள், குறிப்போடு போங்கள். தேதி, இடம், சொன்ன வார்த்தை அப்படியே, அருகில் எந்தப் பெரியவர் இருந்தார் என்று எழுதிவையுங்கள். இரண்டு மூன்று பதிவு சேர்ந்ததும் மின்னஞ்சல் அனுப்புங்கள். “அந்தப் பையனைத் தண்டியுங்கள்” என்று கேட்காமல், “அடுத்த முறை இது காதில் விழுந்தால் அந்த நொடியில் என்ன சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். இதற்கு “சின்னப் பிள்ளைகள்தானே” என்பது பதிலாகாது. வகுப்பு முன்னால் மன்னிப்பு கேட்கவைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். வேடிக்கைப் பொருளாவது உங்கள் மகன்தான். ‘ஸ்கின் கலர்’ என்று எந்தக் கிரேயானை நீட்டுகிறார்கள் என்றும் பாருங்கள். கிரயோலா நிறுவனம் ‘சதை நிறம்’ என்ற பெயரை 1962இலேயே ‘பீச்’ என்று மாற்றிவிட்டது. 2020இல் 24 தோல் நிறங்களுக்குத் தனிப்பெட்டியே கொண்டுவந்தது. வகுப்புக்கு ஒரு பெட்டி வாங்கித் தரலாம். ஜூலை 21, இன நல்லிணக்க நாளில் உடுத்தும் வேட்டி சட்டையைவிட அது நாள்தோறும் வேலை செய்யும்.

கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவது, பவுடரை அப்பிக்கொள்வது, பள்ளி நாளில் மட்டும் வயிற்றுவலி என இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டுங்கள்.

கசப்பான ஒன்றும் உண்டு. “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கான்” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது, அந்த ‘இருந்தாலும்’ என்ன சொல்கிறது என்பது பிள்ளைக்குப் புரியும். வெளிநாட்டு ஊழியர் லாரியில் போவதைக் காட்டி, “படிக்கலைன்னா இப்படித்தான்” என்பதும் அந்த லிஃப்ட் பாட்டியின் வாக்கியம்தான், நம் வாயில். ஊரிலிருந்து தாத்தா பாட்டி வந்திருந்தால் தனியாக அழைத்து, “அவன் முன்னாடி நிறத்தைப் பற்றிப் பேச வேண்டாம்மா” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை அந்தப் பாட்டியும் பேரனும் லிஃப்டில் ஏறினால் உங்கள் கணவரே முதலில் பேசட்டும். குனிந்து, “எத்தனையாவது மாடி?” என்று அந்தப் பையனைக் கேட்டுப் பொத்தானை அவனையே அழுத்தவிடலாம்.