காளியிடம் கேட்கக் கூசியது

கேள்வி: தங்கை வீட்டுக்காரரின் 6 லட்ச ரூபாய் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் கட்டவில்லை. என் வீட்டை விற்று அடைத்து இரண்டு வருடம் ஆகிறது. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நியாயம் கேட்டுக் கொல்லங்குடி காளிக்குக் காசு வெட்டிப் போடப் போனேன், போடாமலே திரும்பிவிட்டேன். இப்போது தங்கை மகளுக்கு வரன் வந்து, மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் போனில் விசாரிக்கிறார்கள். மூன்று வயதில் காய்ச்சலோடு அவளுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்தான். அதைச் சொன்னால் சம்பந்தம் நின்றுவிடும். அவர்களும் கொஞ்சம் அழட்டுமே, தப்பா?
– ஒரு தாய்மாமன், திருப்புவனம்

பதில்: தப்புதான். ஜாமீன் போட்டு வீட்டை இழந்தவர்களின் கடிதம் எனக்குப் புதிதல்ல. உங்கள் கோபம் நியாயமானது என்பதால் அதை ஆற்ற நான் வார்த்தை தேடப் போவதில்லை.

'போடாமலே திரும்பிவிட்டேன்' என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறீர்களே தம்பி, அங்கேயே நில்லுங்கள். பஸ் ஏறி சந்நிதி வரைக்கும் போனவர் ஏன் திரும்பினீர்கள்? காசு வெட்டிப் போடுகிறவர் வழக்கை அம்மனிடம் ஒப்படைத்துவிடுகிறார். அடி யார்மேல் விழும், எப்படி விழும் என்பது அதற்குப் பிறகு அவர் கையில் இல்லை. அந்த வீட்டில் விழுகிற அடி பிள்ளைமேலும் விழுமே என்று உங்கள் நெஞ்சு பதறியிருக்கிறது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. காளியிடம் கேட்கவே கூசியதை, முன்பின் தெரியாதவர்களிடம் போனில் சொல்லி நீங்களே முடித்துவிடப் பார்க்கிறீர்கள். கோயிலில் இருந்த பயம் வீட்டுக்கு வந்ததும் எங்கே போயிற்று?

அந்தக் காளியின் கதை சிவகங்கைச் சீமைக்காரருக்குத் தெரியாததா? 1772-ல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, அவர் மனைவி வேலு நாச்சியார் போன வழியைக் கேட்டு உடையாள் என்ற பெண்ணை எதிரிப் படையினர் மிரட்டினார்கள். அவள் வாய் திறக்கவில்லை. வெட்டிப் போட்டார்கள். பிறகு நாச்சியார் அவளுக்கு நடுகல் நட்டு, தன் தாலியையே காணிக்கையாகக் கொடுத்தார் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று உயிரை விட்டவளைக் கும்பிட்டு வந்த வாயால், மடியில் வைத்துக் காது குத்திய பிள்ளையையா காட்டிக்கொடுப்பீர்கள்? வலிப்பு விஷயம் உங்களுக்குத் தெரிந்ததே அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியதால்தான். அதை வைத்தே அவளை அடிப்பது எனக்குத் தாங்கவில்லை.

அதிலும் உண்மை எவ்வளவு? ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை கடும் காய்ச்சலில் வலிப்பு வருவது பல பிள்ளைகளுக்கு உண்டு. பெரும்பாலும் வளர்ந்ததும் நின்றுவிடும். பிறகு வந்ததாக நீங்களே எழுதவில்லை. 'பொண்ணுக்கு வலிப்பு இருக்கு' என்று சொன்னால் அது பொய்.

கடன்காரர் அவள் அப்பா. அவரை விடாதீர்கள். மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், குடும்பம் என்றால் ஏமாற்ற உரிமை கொடுத்ததாகாது. ஜாமீன்தாரர் கட்டிய பணத்தைக் கடன் வாங்கியவரிடமிருந்து வசூலிக்க 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 145-வது பிரிவு இடம் தருகிறது. பணம் கட்டிய நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இரண்டு வருடத்தைக் கறுவியே கழித்துவிட்டீர்கள். வங்கி ரசீதுகளை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். செலவுக்கு வழியில்லை என்றால் சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் திரும்பக் கூப்பிட்டால் பிள்ளையைப் பற்றித் தெரிந்த நல்லதைச் சொல்லுங்கள். அப்பாவைப் பற்றிக் கேட்டால், 'எங்களுக்குள் பணத் தகராறு, அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்' என்று சொல்லுங்கள். கல்யாணத்துக்கு அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் மாமன் சீரோடு போய் நில்லுங்கள். கையில் இல்லையென்றால் ஒரு புடவை போதும்.