தோத்த டீமுக்கு எதுக்கு தப்பு அடிக்கணும்?

கேள்வி: எங்க தோட்டத்து டீம் ஹட்டன்ல நடந்த ஃபுட்போல் ஃபைனல்ல 4–2ன்னு தோத்துச்சு. ஆனா பயலுக கப் எடுத்த மாதிரி லொறில தப்பு மேளம் அடிச்சுக்கிட்டு வந்தாங்க, தோட்டமே றோட்டுக்கு வந்து கைதட்டுச்சு. தோல்விக்குமா கொண்டாட்டம்? இப்பிடி பாராட்டிக்கிட்டே இருந்தா எப்ப ஜெயிக்கிறது?
– வாசகர் ஒருவர், மஸ்கெலியா

பதில்: அண்ணே, நீங்க மெச் பாக்க வரலன்னு நெனக்கிறேன், நான் அன்னைக்கு டன்பார் கிரவுண்ட்லதான் நின்னேன். இடைவேளைக்கு 3–0. மழ விட்டும் விடாம பெய்யுது, பனி எறங்கி அந்தப் பக்கத்து கோல் கம்பமே தெரியல, நம்ம ஆளுங்களே பாதிப் பேர் பஸ்ஸுக்கு கெளம்பிட்டாங்க. அதுக்குப் பொறகுதான் நம்ம பயலுக ரெண்டு கோல் போட்டாங்க. கடைசி நிமிசத்துல ஒரு கோர்னர் கெடச்சுது, கோலி உட்பட எல்லாரும் முன்னுக்கு ஓடினாங்க, பந்து எதிர் டீமுக்கு மாட்டி காலியா கெடந்த கோலுக்குள்ள போயிருச்சு. நீங்க எண்ணுற நாலாவது கோல் அதுதான். 3–2ஓட பின்னுக்கு நின்னு மானத்தோட தோத்தோம்னு சொல்லியிருக்கலாம், சமப்படுத்தணும்னு போய் வாங்கின கோல் அது.

2018 உலகக் கிண்ணத்துல ஜப்பானுக்கும் இதேதான் நடந்துச்சு, நம்ம ஊர் நேரம் ராத்திரி பதினொன்றரைக்கு தொடங்கின மெச், முழிச்சிருந்து பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெல்ஜியத்துக்கு எதிரா 2–0ன்னு முன்னுக்கு இருந்து, 2–2 ஆகி, 94ஆவது நிமிசம் தங்களுக்கு கெடச்ச கோர்னர்ல ஜெயிச்சிரலாம்னு ஆள அனுப்பினாங்க, அந்தப் பந்து அப்பிடியே திரும்பி வந்து கோலாச்சு. 3–2. ட்ரெஸ்ஸிங் ரூம கூட்டித் துடைச்சு, ரஷ்ய மொழியில நன்றின்னு எழுதி வச்சிட்டுப் போனாங்க. அவங்கள யாராவது ஏமாந்தவங்கன்னு சொல்றாங்களா?

இன்னொண்ணு பாத்தேன். ரெண்டாவது பாதியில ஆள் மாத்துறாங்க, வெளிய வந்தவன் கோட்டுலயே குந்தி பூட்ஸ கழட்டுறான், உள்ள போறவன் அதையே மாட்டுறான். ஒரு சைஸ் பெரிசு போல, ரெண்டு சொக்ஸ் போட்டுத்தான் மாட்டினான். ஒரு வார்த்த பேசல. ரெஃப்ரி விசிலோட நிக்கிறாரு, ஒருத்தன் இடது கால் லேஸ அவுக்குறதுக்குள்ள மத்தவன் வலது காலுக்குள்ள கால விட்டுட்டான். அந்த ரெண்டாவது கோல் போட்டது அந்தக் கால்தான்.

நம்மாளுங்களுக்கு இது ஏன் வெளங்குதுன்னா, நம்ம வீட்டுப் பொம்பளைங்க காலம்பற வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்கு போய் அட்டக்கடியில நாள் பூரா மலையில நின்னுட்டு, 18 கிலோ கொழுந்து கேக்குற எடத்துல 15 கொண்டுவந்தா அரைப்பேர்தான், அரை நாள் சம்பளந்தான் விழும். அவ அரை நாள்தான் வேல செஞ்சாளா? தராசு அப்பிடித்தான் சொல்லுது. அது தெரிஞ்ச சனம்தான் அன்னைக்கு றோட்டுக்கு வந்து கைதட்டுச்சு. அதுல எனக்கு ஒரு கொறையும் தெரியல.

ஆனா உங்க கடைசிக் கேள்வியில நாயம் இருக்கு. பயலுகளோட போராட்டத்த சொல்லி பெரியவங்க தப்பிச்சுக்கக் கூடாது. 2023 ஜனவரில ஃபிஃபா நம்ம இலங்கை ஃபுட்போல் சம்மேளனத்த இடைநிறுத்துச்சு, ஆகஸ்ட்லதான் தட நீங்கிச்சு, அதுக்குள்ள பெங்களூர்ல நடந்த தெற்காசியப் போட்டி முடிஞ்சே போச்சு, நம்ம வீரர்களால அங்க போய் தோக்கக்கூட முடியல. ஃபுட்போல்ல தோல்வின்னா எனக்கு அதுதான் தோல்வி, அதுக்கு யாரும் தப்பு அடிக்கல.

ஹட்டன்ல மொத மூணு கோலும் ஒரே பக்கத்தால, இடது பக்கத்தால வந்துச்சு. ஏன்னா தோட்டத்துல பயலுக ப்ராக்டிஸ் பண்ற எடம் சரிவு, அதுவும் பாதி கிரவுண்ட்தான், முழு அகலத்துல நின்னு பழக்கமில்ல, யார் எந்த எடத்த காக்குறதுன்னு வெளங்க அவங்களுக்கு அர மணித்தியாலம் போச்சு. இத வீரம் இல்லாத கொறன்னு சொல்வீங்களா? மண்ண வெட்டி மட்டம் பண்ணணும், அதுக்கு தோட்டத்து மனேஜர் தொரைகிட்டயும் சங்கத்துத் தலைவர்கிட்டயும் போய்க் கேக்க உங்கள மாதிரி வயசுக்கு மூத்த ஆளுங்கதான் வேணும், பயலுக போனா வாசல்லயே நிப்பாட்டிருவாங்க.

அப்புறம் அந்த லொறி. தப்பு சத்தம் உங்களுக்கு கேட்டிருக்கு, பின்பலகையில சாஞ்சு குந்தியிருந்த கோலிய நீங்க பாக்கல. முகத்த ஜேர்சிக்குள்ள விட்டுக்கிட்டு வந்தான், தான் முன்னுக்கு ஓடினதாலதான் நாலாவது விழுந்துச்சுன்னு ஹட்டன்ல இருந்தே ஒரு வாய் தண்ணி குடிக்கல. தப்பு அடிச்சவங்க அவனச் சுத்தித்தான் நின்னாங்க, அவன் தலைய தூக்குற வரைக்கும் அடிச்சாங்க.

அடுத்த சீசனுக்கு உங்களால முடிஞ்சத செய்யுங்கண்ணே. பூட்ஸ் நாலு சோடி வேணும், ஏழு சைஸ்ல மூணு, எட்டுல ஒண்ணு, கோலிக்கு கையுறை ஒரு சோடி.